துண்டுக்கு அடியில் இருந்த விலை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் விலை கிடையாது. எல்லாம் சும்மா வந்தது என்று அர்த்தமில்லை. என்ன விலை என்று அப்பா சொல்லமாட்டார், அவ்வளவுதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்குப் புடவை வாங்கிவந்தால் அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா வெல?" என்பாள். "கம்மிதான்" என்பார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டால், "ஜாஸ்தி பண்ட்டான்" என்பார். எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். கம்மி, ஜாஸ்தி என்ற இரண்டே விலைகளை வைத்து எங்களை வளர்த்து ஆளாக்கியவர் அவர்.

தொழில் அப்படி. ஆம்பூரில் அவர் ஆட்டுத்தோல் தரகர். நாட்றம்பள்ளி பக்கத்துக் கிராமங்களில் தோல் சேர்த்து, உப்புப் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரிகளுக்கும், அதை வாங்கிப் பதனிடுகிற டேனரி முதலாளிகளுக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பார். அந்த விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் தோளில் இருக்கும் துண்டை எடுத்து விரிப்பார். அதற்கு அடியில் இவர் கையும் விற்பவர் கையும் போகும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, மூன்றைப் பிடித்தால் மூன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. அது ஒன்றா, பத்தா என்பது அந்த இருவருக்கும் தெரியும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. பிறகு அதே துண்டோடு முதலாளியிடம் போய், அங்கேயும் விரல். நாலு பேர் எதிரில் விலையைச் சொல்வது என்பது அங்கே கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம்.

இப்படிப்பட்டவருக்கு நான் மகளாகப் பிறந்தேன். எனக்கு எதையும் கேட்டே ஆகவேண்டும். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே ஆசிரியைகளிடம் கெட்ட பெயர் வாங்கியவள் நான். டைப்ரைட்டிங் ஹையர் முடித்ததும், நைனா வழக்கமாகத் தோல் கொண்டுபோகும் டேனரி ஒன்றின் ஆபீசில் வேலை கிடைத்தது. என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வராந்தா. பேரம் முழுவதும் அந்த வராந்தாவில்தான். மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் கடிதம் அடித்துக்கொண்டே ஒரு கண்ணால் அந்தத் துண்டைப் பார்ப்பேன். எந்த இடத்தில் மேடு விழுகிறது, யாருடைய புருவம் ஏறுகிறது என்று பார்த்து விலையைக் கண்டுபிடிக்க முயற்சி செய்வேன். ஒரு தடவைகூட முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு இன்னா வெலைக்கு முடிச்ச நைனா?" என்றால், "உனுக்கு எதுக்குமா அந்தப் பேஜாரு" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், பீடி சுருட்டுகிறவர்களின் விரல் போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. சோறு பிசையும்போது அவ்வளவாகத் தெரியாது. கை சும்மா இருந்தால்தான் ஆடும். அதுதான் வினை. துண்டுக்கு அடியில் கை சும்மா காத்திருக்கும் நேரம்தான் அதிகம். எதிராளி யோசிக்கவேண்டும், பதில் விரல் பிடிக்கவேண்டும். அதுவரை இவர் கை அசையக்கூடாது.

ஒருநாள் வராந்தாவில் சத்தம் கேட்டது. நான் எழுந்து பார்த்தேன். நாட்றம்பள்ளி வியாபாரி துண்டைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"மூணு வெரல புடிச்சிட்டு இப்ப ரெண்டுன்றியே, இது இன்னா நாயம்?"

"ரெண்டுதாம்பா புடிச்சேன்" என்றார் நைனா.

"மூணாவது வெரல அமுக்கின இல்ல? இத்தினி வருசமா கை குடுக்கறேன், எனுக்குத் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று நைனாவுக்கும் தெரியும். மூன்றாவது விரலை அமுக்கியது நைனா இல்லை, நடுக்கம். அதை எப்படி வெளியில் சொல்வது? சாயங்காலம் முதலாளி, நல்ல மனிதர், நைனாவை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, வேலூர் போய்க் கையைக் காட்டிட்டு வாங்க. சரியானதும் பெரிய லாட்டு சரக்கு பாக்கலாம். அதுவரைக்கும் சின்னதா ஏதாவது முடிச்சிக் குடுங்க" என்றார். குரலில் மரியாதை இருந்தது. கை சரியாகாவிட்டால் என்ன என்பதும் அதில் இருந்தது. நைனாவுக்கு வேறு தொழில் தெரியாது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரி என்றதும் எல்லோரும் நினைக்கும் பெரிய ஆஸ்பத்திரி இல்லை நாங்கள் போனது. அது ஒரு சின்ன தனியார் மருத்துவமனை, இப்போது இல்லை. வாரத்தில் ஒருநாள் அங்கே ஒரு நரம்பு டாக்டர் வருவார். நைனாவை நடக்கவிட்டார், திரும்பச் சொன்னார், கையை மூடித் திறக்கச் சொன்னார். மூன்று வேளையும் ஒரு மாத்திரை என்று எழுதினார்.

"நடுவுல விடக்கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல. சில வருஷம் நல்லா கேக்கும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த அப்புறத்தைப் பற்றிக் கேட்க நான் வாயைத் திறந்தேன். நைனா என் காலை மிதித்தார்.

மருந்து அந்த ஆஸ்பத்திரியின் கவுண்டரிலேயே வாங்கவேண்டும். கண்ணாடிக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருப்பவர் பெரிய டப்பாவிலிருந்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, தகட்டால் தள்ளித் தள்ளி எண்ணி, காக்கிக் கவரில் போட்டு மூன்று வேளை என்று கோடு போட்டுத் தருவார். டப்பா நம் கண்ணில் படாது. "நீ பெஞ்சுல குந்து" என்று என்னை உட்காரவைத்துவிட்டு நைனா மட்டும் கவுண்டருக்குப் போனார். வரும்போது இன்னா வெல என்று கேட்டேன். உங்களுக்கே தெரியும் என்ன சொல்லியிருப்பார் என்று.

மாத்திரை கேட்டது. சில வாரத்தில் அவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வராந்தாவில் துண்டு மறுபடி அசையாமல் விரிந்தது. நாட்றம்பள்ளிக்காரரும் கை கொடுத்தார். ஒரு மாத்திரை உள்ளே போய், இத்தனை விரல் இருக்கும்போது அந்தக் கட்டைவிரலை எப்படித் தேடிப் பிடித்து அடக்குகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தோல் வண்டி வருகிற மண்டி நாட்களில் நைனாவின் கை கல்லு மாதிரி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை வேலூர் போகவேண்டியவர் போகவே இல்லை. அலமாரியில் காக்கிக் கவர் அப்படியே கனமாக இருந்தது.

"நைனா, மாத்திரைய மண்டி நாள்ல மட்டும் முழுங்கறியா?"

நைனா துண்டை எடுத்து உதறினார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? அது இன்னா விலைதான் விக்குது?"

"கம்மிதான்."

"கம்மின்னா ஏன் தெனம் முழுங்கல?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். நைனா எங்கள் இருவரையும் பார்க்காமல், "மண்டிக்குத்தான கை வேணும். வூட்ல எதுக்கு?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அந்த மாத்திரை என்ன விலை என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு பஜாரில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அந்த மருந்து ஆம்பூருக்கு வராது, அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் நேராகப் போகிறது என்றார் கடைக்காரர். வேண்டுமானால் விலையைச் சொல்கிறேன் என்று மொத்த வியாபாரியின் பட்டியலைப் புரட்டிச் சொன்னார். ஒரு பொருளின் விலையை ஒருவர் இவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. "நீங்க சொல்ற வெலைக்குத்தான் ஆஸ்பத்திரியிலயும் குடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"டப்பா மேல போட்ட வெலதாம்மா. கவர்மென்ட்டு ஆர்டரு" என்று, பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு இருமல் மருந்துப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் விலை அச்சடித்திருந்தது. எத்தனையோ வருடமாக மருந்து வாங்குகிறோம், அதை நான் படித்ததே இல்லை.

"யாரு போடற வெல இது?"

"கம்பெனிதான் போடும். ஆனா முக்கியமான மருந்துக்கெல்லாம் தில்லியில கணக்குக் கேப்பாங்க. சரக்கு இன்னா ஆச்சு, கூலி இன்னா ஆச்சு, டப்பா இன்னா ஆச்சுன்னு. அதுக்கு மேல இவ்ளோதான் வெக்கலாம்னு சொல்லிடுவாங்க. மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவுன்னு பேரு. எனுக்கும் முழுசா தெரியாது."

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. யாரோ ஒருவர் தில்லியில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு இது எவ்வளவுக்கு அடங்கியது என்று கம்பெனிக்காரனைக் கேட்கிறார். அவனும் சொல்லியாகவேண்டும். எங்கள் வராந்தாவில் அப்படி யாராவது கேட்டால் செருப்படிதான் விழும். அந்த அதிகாரியின் மேசை எப்படி இருக்கும், கம்பெனிக்காரன் பொய்க் கணக்குக் கொடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றெல்லாம் யோசித்தபடி நடந்தேன். வீட்டில் இருந்த தைலப் புட்டி, அமிர்தாஞ்சனம் மாதிரி எதையும் விடாமல் திருப்பிப் பார்த்தேன். அம்மா எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றாள்.

பெட்டியில் இருக்கும் விலை இப்போது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி எங்களிடம் வாங்குகிற விலை நைனா ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ சொல்லமாட்டார். அடுத்த தடவை அவரோடு வேலூர் போய், பெஞ்சில் உட்காராமல் கவுண்டர் வரைக்கும் கூடவே போனேன்.

காக்கிக் கவரைத் தள்ளிக்கொண்டே கவுண்டர்க்காரர் தொகையைச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

"சார், இந்த மாத்திர வந்த டப்பாவக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றேன்.

"டப்பால்லாம் வெளிய தர்றதில்லம்மா."

"தர வேணாம். காட்டுங்க. அதுல விலை போட்டிருக்கும் இல்ல?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நைனாவுக்கு மானம் போய்விட்டது. எத்தனையோ பேர் எதிரில் அவர் பெண் விலை பேசுகிறாள். என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு, கையை அந்த ஓட்டைக்குள் நீட்டினார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. ஊர் பார்க்க வேண்டாம், நீயும் நானும் விரலில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

கவுண்டர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கட்டி வந்திருக்கிறது, காட்டுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். துண்டுக்கு அடியில் கையை விட்டுப் பிடித்துப் பார்த்தார். நைனா அவருடைய விரல்களைப் பிடிக்கப் பார்த்தார். அன்று மண்டி நாள் இல்லை. துண்டு தடதடவென்று ஆடியது.

"இன்னா பெரியவரே, கை இவ்ளோ நடுங்குது? மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்றார் அவர். குரலில் நிஜமான அக்கறை இருந்தது.

நைனா கையை இழுத்துக்கொண்டார். அவர் முகத்தை நான் அன்றுபோல் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுவதும் துண்டுக்கு அடியில் எதையும் காட்டிக்கொடுக்காத கை, கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"வெலை கட்டுப்படி ஆவல சார், அதான் சாப்பிடல" என்று நான்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். மேனேஜர் கத்தவில்லை, பொறுமையாகவே பேசினார். மருந்தை வரவழைக்கிறோம், குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறோம், எண்ணிப் போட ஆள் வைத்திருக்கிறோம், அதெல்லாம் யார் தலையில் விழும் என்றார். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. "அந்த ஆர்டரெல்லாம் மருந்துக் கடைக்கும்மா. இது ஆஸ்பத்திரி" என்று முடித்துவிட்டார். மண்டி நாளுக்கு மட்டும் போதுமான மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நைனா என் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி என்றால் மருந்து விற்பவர் இல்லையா? என்னால் அதை விட முடியவில்லை. நோயாளி உள்ளே படுத்திருந்தால் சரி. வந்து பார்த்துவிட்டு, காசு கொடுத்துக் கவர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவனுக்கும் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆபீசில் அரை நாள் லீவு போட்டு, வேலூரில் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தை விசாரித்துப் போனேன். புகார் கொடுக்கப் போகவில்லை. சத்தியமாகக் கேள்வி கேட்கத்தான் போனேன். ஆய்வாளர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விக்கறது யாரா இருந்தாலும் போட்ட விலைக்கு மேல வாங்கக் கூடாது. விலைப்பட்டியல ஜனங்க பாக்கற மாதிரி மாட்டியும் வெக்கணும்" என்றார். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். சொன்னேன். டிபன் பாக்ஸைத் துடைத்து மூடினார்.

என் கேள்வியால் நடந்ததா, அவர்களாகவே செய்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த தடவை நாங்கள் போனபோது கவுண்டருக்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு விலைப்பட்டியல் தொங்கியது. எல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்தது. மார்ஜின் சரியில்லை என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. நைனா அதன் எதிரில் போய் அண்ணாந்து நின்றார்.

"நம்ம மாத்திரை எது?"

விரலை வைத்துக் காட்டி விலையைப் படித்தேன்.

"மெதுவா படி" என்றார், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே. பிறகு, "இது எனுக்குச் சொல்ற வெலயா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் இதான் நைனா."

வாசலில் காரிலிருந்து ஒரு அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நைனா அவர்களைக் காட்டி, "அவுங்களுக்குமா?" என்றார்.

"அவுங்களுக்கும்தான்."

"அப்ப பேரம்?"

"இல்ல."

அவர் அதை நம்ப வெகுநேரம் ஆயிற்று. வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு விலையைச் சொல்ல முடியும் என்பதும், அதை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிவைத்த பிறகும் வியாபாரம் நடக்கும் என்பதும் அவருக்குப் புதுசு. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததென்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்கு முழுசாக வாங்கினார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும்போதும் அவருக்குக் கை இருந்தது. அம்மா காபியை டபராவில் வைத்துக் கொடுத்தால் சத்தம் வராது. அந்தச் சத்தம் வராததை அம்மா கேட்டுக்கொண்டே நிற்பாள்.

சில வருஷம் நல்லா கேக்கும் என்று டாக்டர் சொன்னது பலித்தது. அப்புறம் என்று சொன்னதும் பலித்தது. எண்பதுகள் பாதி கடந்தபோது மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துக்குத்தான் கை அடங்கியது. வேளையைக் கூட்டினார்கள். அதற்கும் ஒரு எல்லை வந்துவிட்டது. இப்போது விலை தடையாக இல்லை. இதற்கு மேல் யாரிடம் போய் என்ன கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் மதியம் வராந்தாவில் பெரிய லாட்டு. அதே நாட்றம்பள்ளி வியாபாரி, எதிரில் எங்கள் முதலாளி, சுற்றிலும் ஏழெட்டுப் பேர். நைனா துண்டை விரித்தார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். துண்டு ஆடியது. வியாபாரி விரலைப் பிடித்துவிட்டு, விட்டுவிட்டு, மறுபடி பிடித்தார். பிறகு தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்தார். சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நைனா துண்டை எடுத்தார். அவசரப்படாமல் உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். ஆடுகிற கையை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற குரலில், "தோல் ஒண்ணு நாப்பத்திரண்டு ரூபா. குடுக்கறவருக்கும் அதான், வாங்கறவருக்கும் அதான்" என்றார்.

நாட்றம்பள்ளிக்காரர் தன் கையைத் துடைத்துக்கொண்டார். முதலாளி தாடியைத் தடவியபடி நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாப்பத்திரண்டு" என்று அவரும் வாய்விட்டுச் சொன்னார். வியாபாரி தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு சிலர் நைனாவிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்கள் விலையை வாயால் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அதெல்லாம் பிறகு. அன்று தோல் கட்டுகளை உள்ளே எடுத்துப்போகத் தொடங்கியதும், நைனா எழுந்து மெல்ல என் ஜன்னலுக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி லேசாக அதிர்ந்தது.

"இன்னா, கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு நைனா" என்றேன்.